ரெண்டு வருஷத்துக்கு யார் சாட்சி?

அத்தியாயம் 17

ஒரு வீட்டில் ஒருவருக்கு வேலை இல்லை என்றால், அந்த ஒருவர் மட்டும் வேலை தேடுவதாக நினைத்துவிடக் கூடாது. வீடே தேடும். குழம்பு கொதிக்கும்போது தேடும், குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது தேடும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் தேடும். தேடித் தேடி எல்லோருக்கும் அலுத்துப்போயிருக்கும். ஆனாலும் காலையில் எழுந்ததும் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்.

திருப்பாதிரிப்புலியூரில் உரக்கடை வைத்திருக்கும் உத்திராபதியின் வீடு ஐந்து மாதமாக இப்படித்தான் கிடக்கிறது. மாசி மாதத்தில், கையில் மாவுக்கட்டோடு மகள் இலக்கியா வந்து இறங்கிய நாளிலிருந்து. கட்டைப் பிரித்தாயிற்று. அடித்த புருஷன் தேவநாதன் மேல் கடலூர் கோர்ட்டில் கேஸும் போட்டாயிற்று. அவன் ஒரு வாய்தாவுக்கு வருவான். அடுத்த வாய்தாவுக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று வக்கீல் மட்டும் வருவார். எம்.பி.ஏ. படித்த பெண் எத்தனை நாள்தான் கோர்ட்டு வேப்பமரத்தடியில் நிற்பாள்?

போன வாரம்தான் ஒரு நல்ல சேதி வந்தது. சிதம்பரத்தில் இலக்கியாவோடு படித்த பிரிசில்லா சென்னையில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் இருக்கிறாள். கடன் கேட்டு வரும் கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லும் வேலை. அவளுடைய பிரிவிலேயே ஓர் இடம் காலி. லீவில் ஊருக்கு வந்திருந்தவள் ஃபோன் பண்ணினாள்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒன் ரெஸ்யூம் எங்க சார் மெயில்ல இருக்கணும். நேர்ல வா, சேந்து எழுதலாம்."

இன்று செவ்வாய்க்கிழமை.

இலக்கியா கிளம்பும்போது உத்திராபதி ஒரு கவரை நீட்டினார். "நீ ஒண்ணும் புதுசா எழுத வேணாம். நம்ம டி.டி.பி. சென்டர்லயே அடிச்சு வாங்கிட்டேன். பாரு."

ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுக்கிற கடை அது. மேலே போட்டோ. அதன் கீழே தகப்பனார் பெயர், தொழில், பூர்வீகம், மதம், ஜாதி, உயரம், நிறம், நட்சத்திரம். படிப்பு அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

"நெறம் எதுக்குப்பா?"

"அவன் வச்சிருக்கிற மாடல் அது. பேர மட்டும் மாத்திக் குடுத்தான்."

"நட்சத்திரம்?"

"இருந்துட்டுப் போவுது. வேல குடுக்கறவனுக்கு அதுல என்னா நஷ்டம்?"

இலக்கியாவின் கண் கடைசி வரிக்கு வந்து நின்றது. கல்யாணமாகாதவள் என்று போட்டிருந்தது.

"அப்பா, இது என்னா?"

உத்திராபதி சட்டைப் பையில் எதையோ தேடினார். "பின்ன என்னான்னு போடறது? ஆச்சுன்னு போட்டா புருசன் எங்கன்னு கேப்பான். கேஸ் நடக்குதுன்னு போட்டா வம்பு புடிச்ச பொண்ணும்பான். இங்க இருக்கறவனுக்குத்தான் நம்ம கத தெரியும், மெட்ராஸ்காரனுக்கு என்னா தெரியப் போவுது?"

"படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் என்னா பண்ணுனன்னு கேப்பாங்களே."

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, கூட இருந்து பாத்துகினேன்னு சொல்லு."

சமையலறையிலிருந்து அமிர்தத்தின் குரல் வந்தது. "எனக்கு என்னா நோவுன்னு போட்டிருக்கீங்க? தெரிஞ்சிகினா நானும் அதுக்கேத்த மாதிரி இருமிகினு இருப்பேன்."

"நீ சும்மா இரு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றோம். ரெண்டு பொய் சொல்லி ஒரு வேல வாங்கக் கூடாதா?"

"அந்த ஆயிரத்துல ஒண்ணுதாம்பா, மாப்ள குடிக்க மாட்டாருன்னு சொன்னது" என்றாள் இலக்கியா.

இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவர் அப்பாதான், அந்தக் குற்றம் அவரை ஐந்து மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அவள் பேச்சை மாற்றினாள்.

"எத்தன காப்பிப்பா எடுத்தீங்க?"

"அம்பது. பாதிக்கு மேல குடுத்துட்டேன். ரைஸ்மில்காரரு, பேங்க் ஏஜெண்டு, அப்புறம் நம்ம தங்கராசு. கட்சிக்காரன், நாலு எடத்துக்குப் போறவன். பத்து காப்பி கேட்டு வாங்கிகினான்."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. கவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற எந்த பஸ்ஸும் செம்மங்குப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கெமிக்கல் வாடை வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுப்பார்கள். இலக்கியாவுக்கு அந்த வாடை பழகிப்போனது. இரண்டு வருஷம் அதில்தான் மூச்சு விட்டாள்.

ரோட்டோரம் அந்த போர்டு தெரிந்தது. விருத்தாம்பாள் பிளாஸ்டிக்ஸ். கெமிக்கல் கம்பெனிகளுக்கு டிரம் செய்து கொடுக்கும் தொழிற்சாலை. மாமனார் கலியமூர்த்தி தன் அம்மா பெயரில் ஆரம்பித்தது. மற்ற நாளில் இந்த இடம் வந்தால் இலக்கியா தலையைத் திருப்பிக்கொள்வாள். இன்றைக்கு அதற்கும் சோம்பலாக இருந்தது. பார்த்துக்கொண்டே போனாள்.

அண்ணாமலை நகரில் பிரிசில்லாவின் வீட்டில் கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல்தான் வரும் என்றாள். வந்ததும் அடித்துக்கொள்ளலாம், அதுவரை கையால் எழுதுவோம் என்று வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டாள். முதலில் அப்பா கொடுத்த கவரைப் பிரித்துப் படித்தாள்.

"என்னாடி இது, ரெஸ்யூமா ஜாதகமா? கட்டம் ஒண்ணுதான் போடல."

"எங்கப்பா பாவம்டி."

"பாவந்தான். ஆனா எங்க சார் இதுல பொருத்தம் பாக்க மாட்டாரு." சிவப்புப் பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். தகப்பனார் போனார். பூர்வீகம் போனது. ஜாதி, நிறம், நட்சத்திரம், கல்யாணம் எல்லாம் ஒரே கோட்டில் போயின. "கல்யாணம் ஆச்சா ஆவலயான்னு அங்க யாருக்கும் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. கடுமையான உழைப்பாளின்னு போட்டிருக்கியே, சோம்பேறின்னு எவனாவது போடுவானா? எங்க சார் ஒரு பேப்பர பாக்கறது ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம். அதுக்குள்ள நீ என்னா செஞ்சவன்னு அவருக்குத் தெரியணும். ஒரே பக்கம். கடைசியா பாத்த வேல மொதல்ல வரணும்."

"கடைசியா பாத்த வேலன்னு ஒண்ணு இருந்தாத்தான."

"அந்த ரெண்டு வருஷம்?"

"வீட்ல சும்மா இருந்தேன்."

பிரிசில்லா பேனாவைக் கீழே வைத்தாள். "சும்மா இருந்தியா? பாங்குக்குக் குடுக்கற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல இத எப்படிக் காட்டறது, அத எப்படிக் காட்டறதுன்னு எனக்கு ஃபோன் பண்ணி உயிர எடுத்தது யாரு?"

"அது மாமாவோட கம்பெனிடி. வீட்டு வேல மாதிரி. எனக்கு சம்பளம் இல்ல, சம்பளச் சீட்டு இல்ல, ஒண்ணுமில்ல."

மருமகள் கணக்குப் பார்த்தால் அதற்கு வேலை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. பாங்கிலிருந்து ஆள் வந்தால் இலக்கியாதான் காப்பி கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டு, தட்டோடு நின்றபடியே அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாள். அவர் போனதும், "எம் மருமவ காப்பி நல்லாப் போடுவா" என்று கலியமூர்த்தி பெருமைப்படுவார்.

"சொல்லு" என்றாள் பிரிசில்லா. "நீ போனப்ப அங்க எப்படி இருந்துச்சு, நீ என்னா பண்ணுன, அப்புறம் எப்படி ஆச்சு. மூணும் ஒரே வரியில வரணும். அதுக்குப் பேருதான் ரெஸ்யூம்."

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவள் போனபோது பாங்க் அந்தக் கம்பெனியின் கடன் வரம்பைப் பாதியாகக் குறைக்கப் போவதாகச் சொல்லியிருந்தது. சரக்கு எடுத்த கம்பெனிகள் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. யார் எப்போது கொடுக்கிறார்கள் என்று அவள் பிரித்துப் பார்த்து, இழுத்தடிக்கிறவர்களுக்குச் சரக்கை நிறுத்தச் சொன்னாள். மாமா முதலில் கோபப்பட்டார், அப்புறம் செய்தார். அடுத்த வருஷம் இரண்டு மாதத்துக்குள் பணம் வர ஆரம்பித்தது. மாதா மாதம் பாங்குக்குப் போன கணக்கு அவள் தயார் செய்தது. குறைக்கிறேன் என்ற பாங்க் வரம்பைக் கூட்டிக் கொடுத்தது.

பிரிசில்லா அதை ஐந்து வரியில் எழுதித் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

இலக்கியா படித்தாள். மறுபடியும் படித்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அந்த இரண்டு வருஷத்தை அவள் அடி வாங்கிய வருஷங்கள் என்று மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தாள். அதற்கு நடுவில் இவ்வளவு வேலை பார்த்திருக்கிறோம் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"இது நான்தானா?"

"பின்ன ஒன் நாத்தனாரா? மொகத்தக் கழுவிகினு வா. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு." பிரிசில்லாவின் குரல் இறங்கியது. "இத அப்படியே நம்ப மாட்டாங்க. எங்க ஆபீஸ்ல ஃபோன் போட்டு விசாரிப்பாங்க. நீ அங்க வேல பாத்தன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். யாரு பேரப் போடறது?"

"ஆடிட்டரு இருக்காரு. ஆனா அவரு மாமா கண்ணசைக்காம வாயத் தொறக்க மாட்டாரு."

"அப்ப மாமாதான்."

"நான் அவரு மவன் மேல கேஸ் போட்டிருக்கேன்டி."

"தெரியும். மாமனாருன்னா எங்க ஆளுங்களும் ஒரு மாதிரிதான் பாப்பாங்க. அதுக்காக மறைச்சு, அப்புறம் தெரிஞ்சா அதவிட மோசம். இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். அந்த அஞ்சு வரிய எடுத்துடலாம். படிச்சிட்டு ரெண்டு வருஷம் ஒண்ணும் பண்ணாத பொண்ணுன்னு அனுப்பலாம். கூப்பிட மாட்டாங்க, அத இப்பவே சொல்லிடறேன்."

அப்போதுதான் இலக்கியாவின் செல் அடித்தது. அப்பா.

"ஒடனே கெளம்பி வாம்மா." உத்திராபதி குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஒங்க மாமனாரு வந்து ஒக்காந்திருக்காரு. கையில நம்ம பேப்பரு."

*

உத்திராபதி கொடுத்த பத்துக் காப்பியை தங்கராசு வீணாக்கவில்லை. சொன்னதைச் செய்கிற கட்சிக்காரர் அவர். செம்மங்குப்பம் பக்கம் தனக்குத் தெரிந்த முதலாளிகள் எல்லோரிடமும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். அதில் ஒருவர் கலியமூர்த்தி. இலக்கியா அவருடைய மருமகள் என்பது தங்கராசுவுக்குத் தெரியாது.

"எம் மருமவளுக்கு எங் கம்பெனியிலயே ஒரு வேல போட்டுக் குடுங்கன்னு எங்கிட்டயே வந்து நிக்கிறான்" என்றார் கலியமூர்த்தி. இலக்கியா வீட்டுக்குள் நுழையும்போது அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையாவது தடவையோ. "நல்ல பொண்ணு, கல்யாணமாவல, கணக்கு நல்லாப் பாக்கும்னு எனக்கே சொல்றான். நான் என்னா சொல்றது? பக்கத்துல ரெண்டு பேரு ஒக்காந்திருக்கான். சிரிக்காம இருப்பானா?"

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். அமிர்தம் வைத்த காப்பி ஆறிக்கிடந்தது.

"வாங்க மாமா" என்றாள் இலக்கியா. சண்டை எது எப்படி இருந்தாலும் வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவர் இளைத்திருந்தார். சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"கல்யாணமாவலன்னு போட்டிருக்கீங்களே, எம் மவன் செத்தா பூட்டான்?"

"அது தப்புத்தான் மாமா. அத அடிச்சாச்சு. அனுப்பப் போற பேப்பர்ல அது இல்ல."

"மெட்ராஸ்ல வேலைக்கு மனு போடறியாமே. ஒங்கப்பா சொன்னாரு." அவர் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். கம்பெனி லெட்டர்பேடு. "நீ எங்கிட்ட வேல பாத்தன்னு சர்டிபிகேட்டு வேணும்ல. நான் தர்றேன். மேனேஜருன்னே போட்டுத் தர்றேன். மூணு வருஷம்னு வேணும்னாலும் போட்டுக்க."

உத்திராபதி தலையை நிமிர்த்தினார்.

"அந்தக் கேஸ மட்டும் வாபஸ் வாங்கிடும்மா. கோர்ட்டு கோர்ட்டுன்னு அவனும் கெட்டுட்டான், நானும் அலைய முடியல. பாங்குக்காரன் வேற வந்து குதிக்கிறான். கணக்குப் பாக்க ஆளில்ல. நீ வந்து பாருன்னு கேக்கல, எந்த மொகத்த வச்சிகினு கேக்கறது? நீ ஒன் வழியில போ. கேஸ மட்டும் எடுத்துடு."

வெளியே ஆடிக்காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாரும்மா" என்றார் உத்திராபதி மெதுவாக. "சம்மந்தி எறங்கித்தான் வந்திருக்காரு. வேலையும் கெடைக்கும். நமக்கும் கோர்ட்டு வாசல்ல நின்னு நின்னு ஜாஸ்தியாப் போச்சு. எனக்கு முடியலம்மா."

முடியவில்லை என்று அப்பா சொன்னது பொய்யில்லை. அவருக்கும் முடியவில்லை, எதிரில் இருக்கிறவருக்கும் முடியவில்லை. இலக்கியாவுக்கு மட்டும் முடிகிறதா என்ன? சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் எழுந்து கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போகலாம். அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது.

வலது கையைப் பார்த்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கிணற்றுக் கயிறு மாதிரி எதையாவது இறுக்கிப் பிடித்தால் இன்னும் வலிக்கிறது.

"மூணு வருஷம் வேணாம் மாமா. நான் பாத்தது ரெண்டு வருஷந்தான். மேனேஜரும் வேணாம். நான் மேனேஜரு இல்ல."

"பின்ன?"

அவள் செல்லை எடுத்து பிரிசில்லாவைக் கூப்பிட்டாள். கரண்ட் வந்துவிட்டதாம், அடித்து முடித்துவிட்டாளாம், ஒரு வரி மட்டும்தான் பாக்கியாம்.

"எழுதிக்கடி. கலியமூர்த்தி, உரிமையாளர், விருத்தாம்பாள் பிளாஸ்டிக்ஸ். என்னா ஒறவுன்னு கேட்டா மாமனாருன்னே போடு." நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் தடுக்கியது, மறுபடியும் சொன்னாள். ஃபோனை வைத்தாள்.

கலியமூர்த்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"என்னைக் கேக்காம எம் பேரப் போடறியா?"

"ஒங்க எதிர்லதான் மாமா போட்டேன். அவுங்க ஒங்களக் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா? நான் என்னா சொல்லணும்ங்கற?"

"நடந்தத சொல்லுங்க."

"எத?" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அவரே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கம்பெனியில நடந்தத அவுங்ககிட்ட சொல்லுங்க மாமா. வீட்ல நடந்தத நான் கோர்ட்ல சொல்லிக்கிறேன்."

உத்திராபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அமிர்தம் சமையலறை வாசலில் நின்று அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார்.

கலியமூர்த்தி லெட்டர்பேடை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தார். ஜிப் சரியாக மூடவில்லை, இரண்டு தரம் இழுத்தார். வர்றேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"இலக்கியா."

"சொல்லுங்க மாமா."

"நீ குடுத்தது பழைய நம்பரு. போன மாசம் அத மாத்திட்டேன்."

இவர் சொல்லாமல் போயிருந்தால்? சென்னையிலிருந்து கூப்பிட்டிருப்பார்கள், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வந்திருக்கும், பொய்க்காரி என்று தாளைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவளைக் கெடுக்க அவர் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருந்திருக்காது.

"எழுதிக்க" என்றார். தெருவைப் பார்த்தபடி புது நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கூப்பிட்டால் என்ன சொல்வேன் என்று மட்டும் சொல்லவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

இலக்கியா மறுபடியும் பிரிசில்லாவைக் கூப்பிட்டு நம்பரை மாற்றச் சொன்னாள். நாலரை ஆகியிருந்தது. அனுப்பிட்டேன்டி என்று பிரிசில்லா சொன்ன பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தாள நம்பியா போட்ட?" என்று கேட்டாள் அமிர்தம். "ஃபோன் வந்தா, அப்படி ஒருத்திய எனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டா?"

"சொன்னாலும் சொல்வாரும்மா." இலக்கியா கண்ணை மூடிக்கொண்டாள். "பொய் சொல்லணும்னா அவரு வாயால அவரு சொல்லட்டும். அடி வாங்கிட்டு வழுக்கி விழுந்தேன்னு அவுங்களுக்காக நான் சொன்னது போதும்."